தபாலாபீஸ் லவீனாவும் ஒற்றைச் சக்கர வண்டியும்

லவீனா ஸ்ட்ரவுட்டுக்கு ஓட்டு கிடையாது. அவளுக்கு மட்டுமா, ஹார்க்கர் துறையில் எந்தப் பொம்பளைக்குமே கிடையாது. ஆனால் வாய் இருந்தது. அதுவும் லேசுப்பட்ட வாய் இல்லை. இந்தியானா மாகாணத்தில், ஒஹாயோ ஆற்றங்கரையில் நீராவிப் படகு வந்து அணைகிற அந்தச் சின்ன ஊரில் அவள் வீட்டு முன்னறைதான் தபாலாபீஸ். கடிதம் வாங்க வருகிறவன் கடிதத்தோடு இரண்டு வார்த்தையும் வாங்கிக்கொண்டுதான் போவான்.

அவள் புருஷன் ஈபன் வடக்குப் பட்டாளத்தில் சேர்ந்து உள்நாட்டுச் சண்டைக்குப் போனவன். திரும்பி வரவில்லை. சண்டை ஓய்ந்ததும் குடியரசுக் கட்சி அரசாங்கம் அவளைப் போஸ்ட்மாஸ்டராக உட்கார வைத்தது. படகில் வரும் பையைப் பிரித்து, கடிதங்களை மர அலமாரியில் மாடம் மாடமாக அடுக்கி, ஆளைப் பார்த்து எடுத்துக் கொடுக்கிற வேலை. சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. இருந்தாலும் யார் கையையும் எதிர்பார்க்காத சோறு. கட்சி கொடுத்த சோறு என்பதால் கட்சி மேல் அவளுக்கு உயிர். கூடவே ஈபனும் அதே கட்சிக்காக அடித்துக்கொள்கிறவனாக இருந்தவன்.

இதில் ஒரே ஒரு சங்கடம். ஜனாதிபதி எந்தக் கட்சியோ, ஊர் ஊருக்குப் போஸ்ட்மாஸ்டரும் அந்தக் கட்சி. மேலே ஆள் மாறினால் கீழே நாற்காலி மாறும், கேட்பார் கிடையாது. நாற்காலி போனால் லவீனா போக வேண்டிய இடமும் தயாராக இருந்தது. டெர்ரெ ஹோட் என்கிற ஊரில் இருக்கும் நாத்தனார் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குச் சொல்லி அனுப்புவாள், அடுப்படிக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் சும்மாதான் கிடக்கிறது, வந்துவிடு என்று. அந்த வீட்டில் ஆறு பிள்ளைகள். கட்டில் எதற்கு, கட்டிலில் படுக்கிறவள் எதற்கு என்று லவீனாவுக்குத் தெரியாதா என்ன?

ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தாறு தேர்தல் அந்தக் கட்டில் நினைப்போடுதான் வந்தது. குடியரசுக் கட்சிக்கு ஹேய்ஸ், ஜனநாயகக் கட்சிக்கு டில்டன். அவரைப் பற்றி இவர்களும் இவரைப் பற்றி அவர்களும் சொல்லாத பொய் பாக்கியில்லை. ராத்திரிக்கு ராத்திரி தீப்பந்த ஊர்வலம். பந்தத்து எண்ணெய் உடம்பில் சொட்டாமல் குடியரசுக்காரர்கள் போட்டுக்கொண்டு போகிற மெழுகுத் துணி மேலங்கி அத்தனையும் லவீனா கோடை முழுக்க உட்கார்ந்து தைத்தது. கூலி வாங்கவில்லை. நம் கட்சி, நம் வேலை என்று தைத்தாள்.

தெருவுக்கு எதிர்ச்சாரியில் காஸ்பர் ஹூபரின் சவரக்கடை. காஸ்பர் பெரிய உருவம், பெரிய மீசை, பெரிய ஜனநாயகக்காரர். டில்டன் வந்தால் தபாலாபீஸ் தனக்குத்தான் என்று அவர் ஒளிவு மறைவாகக்கூட வைத்துக்கொள்ளவில்லை. சோப்பு நுரை பூசிய முகங்களுக்கு மேல் கத்தியை வைத்துக்கொண்டே சொல்வார், யார் மறுத்துப் பேசுவது?

செப்டம்பரில் ஒருநாள் காலை, தபால் வாங்கப் பத்துப் பதினைந்து பேர் முன்னறையில் நிற்கும்போது காஸ்பர் வந்து மாடங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னய்யா பாக்குற?" என்றாள் லவீனா.

"இல்லம்மா, இதை என் கடையில எந்தச் சுவத்துல சாத்தறதுன்னு யோசிக்கிறேன். கண்ணாடிக்குப் பக்கத்துலயா, கண்ணாடிக்கு எதிரயா."

"கண்ணாடிக்கு எதிர வேண்டாம். உன் மூஞ்சியப் பாத்துப் பாத்து கடுதாசியெல்லாம் பயந்துடும்."

நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். ஜனநாயகக்காரர்களும் சேர்ந்துதான் சிரித்தார்கள், அப்போது இன்னும் அந்த அளவுக்கு மனசு இருந்தது. காஸ்பர் மீசையை நீவிக்கொண்டார்.

"பேச்சு நல்லாத்தான் இருக்கு. பந்தயம் கட்டறியா?"

"கட்டறேன். என்ன பந்தயம்?"

"வழக்கமான பந்தயம்தான். தோத்தவங்க ஜெயிச்சவங்கள ஒத்தச் சக்கர வண்டியில உக்கார வச்சுப் படகுத்துறையிலேருந்து ஓட்டல் வாசல் வரைக்கும் தள்ளணும்."

ஒவ்வொரு தேர்தலுக்கும் ஊரில் யாராவது இரண்டு ஆம்பிளைகள் இப்படித் தள்ளுவதும் தள்ளப்படுவதும் உண்டு. பொம்பளை இதில் இறங்கியதில்லை. லவீனா ஒரு கடிதத்தை மாடத்தில் செருகிவிட்டுத் திரும்பினாள்.

"சரி. ஆனா இன்னையிலேருந்து சாப்பாட்டைக் குறை. இல்ல, வேண்டாம், நல்லாச் சாப்பிடு. தள்ளப்போறது நீதான்."

நவம்பர் எட்டாம் தேதி மதியப் படகில் எவான்ஸ்வில் பத்திரிகை வந்தது. முதல் பக்கத்தில் கழுத்தை நீட்டிக் கூவுகிற சேவல் படம். ஜனநாயகக் கட்சி ஜெயித்தால் அந்தப் பத்திரிகை சேவலைத்தான் போடும். டில்டன் வந்துவிட்டார். காஸ்பர் கடையிலிருந்து ஓடிவந்து பத்திரிகையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஆடினார். லவீனாவுக்கு நாத்தனார் வீட்டு அடுப்படி கண் முன்னால் வந்தது. உடுப்புக்கு மேல் கட்டியிருந்த வேலைத் துணியை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள்.

"வண்டி எங்க?"

ஈபனோடு ஒரே பட்டாளத்தில் இருந்த ஐரா டன் குறுக்கே வந்தான். சண்டையில் ஒரு கையைக் கொடுத்துவிட்டு வந்தவன். "லவீனா, அவசரப்படாத. தெக்கத்தி மாகாணம் மூணுல இன்னும் எண்ணி முடிக்கலைன்னு படகுல வந்தவன் சொல்றான். ரெண்டு நாள் பொறுத்துப் பாத்துடலாம்."

"ஸ்ட்ரவுட் வீட்டுல தோத்தா அன்னைக்கே தீத்துடுவோம். சாக்குச் சொல்லி நாளைக் கடத்திட்டாள்னு நாளைக்கு இந்த மீசைக்காரன் பேசுவான். எனக்குத் தேவையா அது?"

அவசரக்காரி என்று சொல்லலாம், ரோஷக்காரி என்றும் சொல்லலாம். அந்த ஊரில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை. துறையிலிருந்து ஓட்டல்வரை ஏற்றம், அதிலும் மழை பெய்து சேறு. காஸ்பர் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார், வண்டி முனகியது. லவீனா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளினாள். இரண்டு பக்கமும் ஊரே நின்றது. பாதி ஏற்றத்தில் சக்கரம் சேற்றில் புதைந்து நின்றுவிட்டது.

காஸ்பருக்கே மனசு கேட்கவில்லை. "ஏம்மா, நான் இறங்கி நடக்கட்டுமா? ஊர் பாத்த வரைக்கும் போதும்."

"உக்காருய்யா. இறங்கினா பந்தயம் தீரலைன்னு ஆயிடும்."

முக்கி முனகி ஓட்டல் வாசலில் கொண்டுபோய் இறக்கினாள். மூச்சு வாங்கியது, மூக்கு நுனிவரை சேறு. கைதட்டியதில் முக்கால்வாசி அவளுக்குத்தான், அது காஸ்பருக்கும் தெரிந்தது.

மறுநாள் படகு வந்தது. பத்திரிகையில் சேவலைக் காணோம். யார் ஜெயித்தது என்று சொல்வதற்கில்லை, அந்த மூன்று மாகாணங்களில் இரண்டு கட்சியும் நாங்கள்தான் என்கிறது என்று போட்டிருந்தது. காஸ்பர் அதற்குள் பெயர்ப்பலகைக்குச் சொல்லிவிட்டார். பலகையில் தபாலாபீஸ் என்று வெள்ளை எழுத்து ஈரம் காயாமல் கிடந்தது.

அந்தக் குளிர்காலத்தைப் போல ஒரு குளிர்காலம் ஹார்க்கர் துறை பார்த்ததில்லை. வாஷிங்டனில் எண்ணுகிறார்கள், மறுபடியும் எண்ணுகிறார்கள், எண்ணுகிறவர்களை எண்ண ஒரு குழு போடுகிறார்கள். இங்கே பேச்சுவார்த்தை நின்றுபோனது. மாதா கோயிலில் ஜனநாயகக்காரர்கள் இடது பக்கம், குடியரசுக்காரர்கள் வலது பக்கம், நடுவில் பாதிரியார் மட்டும் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டியிருந்தது. குடியரசுக்காரர்கள் காஸ்பரிடம் சவரம் செய்துகொள்வதில்லை என்று ஏகமனதாக முடிவெடுத்தார்கள். கொஞ்ச நாளில் தாடியைப் பார்த்தே ஆள் எந்தக் கட்சி என்று சொல்லிவிடலாம். தாடி ஒத்துவராமல் வீட்டிலேயே சிரைத்துக்கொண்டவர்கள் மோவாயில் ரத்தக் கீறலோடு திரிந்தார்கள், கட்சிக்காகச் சிந்திய ரத்தம் என்று பெருமை வேறு.

தபால் வேண்டும் என்பதால் ஜனநாயகக்காரர்கள் லவீனாவிடம் வந்துதான் ஆகவேண்டும். வருவார்கள், பேர் சொல்வார்கள், வாங்குவார்கள், போவார்கள். ஒரு காலை வணக்கம்கூடக் கிடையாது. பேசிப் பேசியே வாழ்ந்தவளுக்கு அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது. காஸ்பர் மட்டும் தினமும் வந்து வம்புக்கு இழுப்பார், அந்த வம்பாவது இருக்கிறதே என்று அவளுக்கு ஆறுதல். அவர் பெயர்ப்பலகையைக் கடை ஜன்னலில் இவள் கண்ணில் படுகிற மாதிரி சாய்த்து வைத்திருந்தார்.

"மூட்டை கட்டிட்டியாம்மா?"

"உன் பலகையில பெயிண்டு உரியுது, முதல்ல அதைப் பாரு."

மார்ச் மாதம் தீர்ப்பு வந்தது. ஹேய்ஸ். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிற மாகாணப் பிரதிநிதிகள் கணக்கில் ஒரே ஒரு ஓட்டு கூடுதலாம். ஜனநாயகக்காரர்கள் கொதித்தார்கள், பட்டப்பகல் திருட்டு என்றார்கள். திருடி ஜெயித்ததற்கெல்லாம் பந்தயம் தீர்க்க வேண்டியதில்லை என்று காஸ்பருக்கு எல்லோரும் புத்தி சொன்னார்கள். காஸ்பர் மூன்று நாள் கடையைத் திறக்கவில்லை. நாலாம் நாள் தெருவைக் கடந்து வந்தார்.

"சனிக்கிழமை ஏறு. தள்ளறேன்."

"ஓட்டல் வரைக்கும் மட்டும் இல்ல. நவம்பர்ல நான் தப்பாத் தள்ளினதுக்கும் சேத்துத் திரும்பவும் துறை வரைக்கும் தள்ளணும்."

"அது எப்படி? அன்னைக்கு அவசரப்பட்டது நீ."

"ஏறி உக்காந்தது யாரு?"

காஸ்பர் யோசித்துப் பார்த்தார். நியாயமாகத்தான் பட்டது. சரி என்றார்.

லவீனாவுக்குக் காற்றில் நடக்கிற மாதிரி இருந்தது. வேலை நிலைத்தது, வீடு நிலைத்தது, அடுப்படிக் கட்டில் தொலைந்தது. சனிக்கிழமை வெற்றிக் கூட்டத்துக்குக் மாவட்டத் தலைநகரிலிருந்து கட்சித் தலைவர் கர்னல் பிளெவின்ஸே வருகிறார் என்றார்கள். அவள் நல்ல உடுப்பை எடுத்து இஸ்திரி போட்டு வைத்தாள்.

கர்னல் காலைப் படகில் வந்தார். நேரே தபாலாபீஸுக்கு வந்து தொப்பியைக் கழற்றினார். கூடவே தங்கை மகன் ஹோரஸ், மீசை இப்போதுதான் எட்டிப்பார்க்கிற வயசு.

"சகோதரி, உங்க சேவையக் கட்சி மறக்கவே மறக்காது" என்று ஆரம்பித்தார். அப்படி யாராவது ஆரம்பித்தால் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியாமல் போய்விட்டது, சந்தோஷத்தில் இருந்தாள் பாருங்கள். "அடுத்த மாசத்துலேருந்து இந்த ஆபீஸை ஹோரஸ் பாத்துக்குவான். வாஷிங்டன்ல நம்ம காங்கிரஸ் சபை உறுப்பினர்கிட்டயும் பேசிட்டேன், முடிவாயிடுச்சு. பையன் தேர்தல்ல ராப்பகலா தீப்பந்தம் தூக்கினான்."

"அவன் போட்டுக்கிட்டுத் தூக்கின மேலங்கி நான் தைச்சது."

"யார் இல்லைன்னா? ஆனா உங்களுக்கு ஓட்டு இல்லையேம்மா. ஓட்டு உள்ளவனுக்குக் கொடுத்தாத்தானே நாலு பேர் நாளைக்கும் உழைப்பாங்க. உங்களுக்குத்தான் டெர்ரெ ஹோட்டுல சொந்தபந்தம் இருக்காமே?"

ஹோரஸ் மாடங்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. எதிர்க்கட்சி ஜெயித்து வேலை போயிருந்தால் லவீனா தாங்கியிருப்பாள், அதற்கு மனசைத் தயார் பண்ணி வைத்திருந்தாள். தன் கட்சியே ஜெயித்துத் தன் வயிற்றில் அடிக்கும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. கர்னல் கைகுலுக்கிவிட்டு ஓட்டலுக்குப் போனார்.

துறையில் ஊர் கூடியிருந்தது. தாடிக்காரர்கள் ஒரு பக்கம், மழுமழு மூஞ்சிக்காரர்கள் ஒரு பக்கம். காஸ்பர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வண்டியோடு நின்றார். லவீனா இஸ்திரி போட்ட உடுப்போடு வந்து ஒரு வார்த்தை பேசாமல் ஏறி உட்கார்ந்தாள். தாரை முழங்கியது. காஸ்பர் தள்ளினார்.

"என்னம்மா இது, ஜெயிச்சவ இப்படியா உக்காருவா? கையைக் கிய்ய ஆட்டு. நான் தோத்தது எல்லாருக்கும் தெரியட்டும்."

"பேசாமத் தள்ளுய்யா."

இன்னும் கொஞ்ச தூரம் போனது. "உடம்புக்கு முடியலையா?"

"வேலை போயிடுச்சு காஸ்பர்."

வண்டி நின்றது. "யார் சொன்னா? உங்க ஆளுதானே ஜெயிச்சான்."

"ஜெயிச்சான். வேலை கர்னல் மருமகனுக்காம். எனக்கு ஓட்டு இல்லையாம், என்னால பிரயோஜனம் இல்லையாம்."

காஸ்பர் மீசையைக் கடித்துக்கொண்டு நின்றார். பின்னால் வந்தவர்கள் என்ன என்ன என்று முட்டினார்கள். "எனக்குக் கிடைக்கலைன்னா உனக்காவது இருக்குதேன்னு மனசு ஆறும். அந்தப் பொடியனுக்காகவா நான் இந்தச் சேத்துல தள்ளிக்கிட்டு வர்றேன்?" என்றார். பிறகு, "எங்க கொண்டுபோய் விடணும், சொல்லு."

"கர்னல் கால்மாட்டுல."

கர்னல் ஓட்டல் வாசல் படியில் நின்று பேசிக்கொண்டிருந்தார். சண்டையில் உயிர் கொடுத்தவர்களின் விதவைகளைக் குடியரசுக் கட்சி தன் கண்ணைப் போலக் காக்கும் என்று நெஞ்சில் கையை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் வண்டி வந்து அவர் பூட்ஸை இடித்து நின்றது.

லவீனா இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே, சத்தம் போடாமல் கேட்டாள்: "காலையில என்கிட்ட சொன்னதை இவங்க எல்லார்கிட்டயும் ஒருதரம் சொல்லிடுங்க கர்னல்."

கர்னல் சிரித்தார். "அதைப் பத்தி அப்புறம் பேசலாமே, சகோதரி."

"அப்ப நான் சொல்லிடறேன். என் வேலையை எடுத்து உங்க மருமகனுக்குக் கொடுத்துட்டீங்க."

கர்னல் கையை நெஞ்சிலிருந்து எடுத்தார். "அது ஒரு யோசனை, அவ்வளவுதான்."

"காலையில முடிவுன்னீங்களே."

காஸ்பருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "எங்க ஆளுகிட்டேருந்து நாற்காலியப் பிடுங்கினீங்க, அது ஒரு கணக்கு. உங்க பொம்பளைகிட்டேருந்துமா பிடுங்குவீங்க?"

ஜனநாயகக்காரர்கள் ஹோவென்று கத்தினார்கள், அதில் ஆச்சரியமில்லை. தாடிக்காரர்கள் பக்கம் இன்னும் சத்தமில்லை. கட்சித் தலைவரை எதிர்த்து எப்படிப் பேசுவது? எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஐரா டன் தான் முன்னால் வந்தான்.

"கர்னல், ஈபன் விழுந்தப்ப நான் பக்கத்துல இருந்தேன். எனக்கு இருக்கறது ஒரு கை. அடுத்த தேர்தல்ல அதுல உங்க தீப்பந்தம் இருக்காது. ஓட்டும் இருக்காது."

"என் ஓட்டும்தான்" என்றது ஒரு தாடி. அப்புறம் இன்னொன்று. இந்தியானா மாகாணத்தில் ஓட்டுக்கு அடித்துக்கொள்கிற காலம் அது. கர்னல் தாடிகளைக் கண்ணால் எண்ணிப் பார்த்தார். எண்ணிக்கை அவருக்குப் பிடிக்கவில்லை.

"மிஸஸ் ஸ்ட்ரவுட் இருக்கற வரைக்கும் இந்த ஊர்த் தபாலாபீஸ் அவங்களுக்குத்தான். நான் சொல்லிட்டேன்" என்று அறிவித்தார், முதலிலேயே அதைத்தான் சொல்ல வந்த மாதிரி.

"நல்லவேளை மாமா, எனக்கு இந்த ஊரே பிடிக்கலை" என்றான் ஹோரஸ்.

கூட்டம் கலையக் கலைய காஸ்பர் வண்டியைத் திருப்பினார். பாக்கி இருந்ததே, திரும்பத் துறை வரைக்கும். இறக்கத்தில் வண்டி சுலபமாக ஓடியது. லவீனாவுக்கு அப்போதுதான் கண்ணில் தண்ணீர் வந்தது. காஸ்பர் பின்னால் இருந்ததால் பார்க்கவில்லை, அல்லது பார்க்காத மாதிரி இருந்தார்.

"உனக்கு ஏன்யா அவ்வளவு ஆத்திரம்? அவன் வந்தா என்ன, நான் இருந்தா என்ன, உனக்கு ரெண்டும் ஒண்ணுதானே."

"எப்படி ஒண்ணாகும்? அவன் பொடியன். உக்காந்தான்னா அம்பது வருஷத்துக்கு எழுந்திருக்க மாட்டான். உன்கிட்டேருந்துன்னா அடுத்த தேர்தல்லயே பிடுங்கிடுவேன்."

லவீனா அழுதுகொண்டே சிரித்தாள்.

அடுத்த தேர்தலிலும் காஸ்பரின் கட்சி வரவில்லை. எண்பத்துநாலில்தான் வந்தது, அதுவும் நூலிழையில். லவீனா இந்தத் தடவை பத்திரிகையை இரண்டு வாரம் விடாமல் படித்து, தீர்ந்துபோன விஷயம்தான் என்று நிச்சயமான பிறகே நம்பினாள். மார்ச்சில் புது ஜனாதிபதி பதவி ஏற்றதும் மாடங்களைத் துடைத்தாள், மீதமிருந்த தபால்தலைகளைக் கட்டி வைத்தாள், சாவியை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து சவரக்கடைக்குப் போனாள். அவளுக்கு அப்போது அறுபது நெருங்கிவிட்டது.

"இந்தா. நீ வாய் விட்டுக் கேக்கறதுக்கு முன்னாடி நானாக் கொண்டாந்துட்டேன். வாங்கிக்க."

காஸ்பர் ஒரு தாடிக்காரனுக்கு நுரை பூசிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"காலையில அஞ்சு மணிக்கு எழுந்திருச்சுப் படகுக்குப் போய் நிக்கணுமாமே?"

"ஆமா. பனி பெஞ்சாலும்."

"நமக்கு ஒத்துவராதும்மா. நேத்தே எங்க கட்சி ஆபீஸ்ல போய்ச் சொல்லிட்டு வந்துட்டேன், அங்க இருக்கறவளே இருக்கட்டும்னு." கத்தியைத் தோல்வாரில் இரண்டு தடவை தீட்டினார். "போ, போய்க் கதவைத் திற. என் தங்கச்சிகிட்டேருந்து கடுதாசி வரணும், ஒரு வாரமாப் பாத்துக்கிட்டிருக்கேன்."